ஏழு கிலோவுக்குள் யாருடைய சாமான்?

இப்ப எங்கட பட்ச்சில் யாராவது ஒருத்தர் எங்கேயாவது வெளிக்கிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருத்தருக்கு இந்தியாவில் புலமைப்பரிசில், இன்னொருத்தருக்குச் சென்னையில் கருத்தரங்கு, வேறொருத்தர் கம்பஸை இடையில் விட்டுவிட்டு டுபாய்க்கு வேலைக்கு. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் சரிவந்த பிறகு கடைசி இரவில் மிஞ்சுகிற பிரச்சினை பை. அதிலும் கையோடு கொண்டு ஏறுகிற ஏழு கிலோப் பை.

இதற்கு யூடியூப்பில் எத்தனையோ வீடியோ இருக்கிறது. உடுப்பைச் சுருட்டி வை, சப்பாத்துக்குள் காலுறையைத் திணி, பாரமான ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஏறு. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அந்த வீடியோக்களில் பை கட்டுகிறவர் தனி ஆள், உள்ளே போவதெல்லாம் அவருடைய சாமான். எங்கட வீடுகளில் பை கட்டுவது அப்படி நடப்பதில்லை. அங்கே மூன்று தரப்பு இருக்கிறது: விமானக் கம்பனி, சொந்தக்காரர், பயணம் போகிற ஆள். மூன்றிலும் குறைந்த கிலோ கிடைப்பது கடைசி ஆளுக்குத்தான். இது சரியில்லை எண்டுதான் நாங்கள் சொல்ல வருகிறோம்.

முதலில் கணக்கு. ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், இண்டிகோ மூன்றிலும் எகொனமி வகுப்பில் கைப்பொதிக்கு 7 கிலோ. எயார் அரேபியாவில் 10 கிலோ. நீள அகலமும் கம்பனிக்குக் கம்பனி மாறும்: எமிரேட்ஸில் 55 x 38 x 22 சென்ரிமீற்றர், இண்டிகோவில் 55 x 35 x 25. இந்த அளவுக்குள் சில்லும் கைபிடியும் வெளிப் பொக்கற்றும் அடக்கம். ஆகவே கடையில் 'கபின் சைஸ்' எண்டு எழுதி விற்கிற பை எல்லா விமானத்துக்கும் சரிவரும் எண்டு நம்பக்கூடாது. இந்த எண்கள் மாறக்கூடியவை, உங்கட டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

சில்லு வைச்ச சின்ன சூட்கேஸ் வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். லப்டொப்பும் சார்ஜரும் இரண்டு கிலோ. ஏழில் ஐந்து முடிந்துவிட்டது, இன்னும் ஒரு சேட்டுக்கூட வைக்கவில்லை. அதே சாமானை ஸ்கூல் பாக் மாதிரியான ஒரு துணிப் பையில் வைத்தால் பையின் பாரம் ஒரு கிலோவுக்குள் நிற்கும். மிஞ்சுகிற இரண்டு கிலோ எண்டால் நடுத்தர அளவில் ஐந்து புத்தகம். கலைப்பீடத்து ஆக்களுக்கு அது பெரிய விஷயம்.

சரி, இந்த எல்லை ஏன்? 'கம்பனிக்காரன் காசு பிடுங்க' எண்டு ஒரே வரியில் முடிப்பது சுலபம். ஆனால் உண்மையான காரணங்களும் இருக்கின்றன. மேல் தட்டுக்கு ஒரு தாங்கு சக்தி உண்டு. விமானம் குலுங்கும்போது பன்னிரண்டு கிலோப் பை ஒன்று தலையில் விழுந்தால் சின்னக் காயத்தோடு போகாது. இடம் போதாவிட்டால் ஆக்கள் ஏறவே நேரம் எடுக்கும். 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் தீப்பிடித்தபோது, அதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஆக்கள் இறங்கியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே எல்லையே வேண்டாம் எண்டு நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் அந்த எல்லை எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. எமிரேட்ஸில் எகொனமிக்காரருக்கு ஒரு பை, 7 கிலோ. பிஸ்னஸ் வகுப்புக்காரருக்கு இரண்டு பை, ஒவ்வொன்றும் 7 கிலோ. அதில் கொஞ்சம் பாதுகாப்பு, கொஞ்சம் வியாபாரம். எது எவ்வளவு எண்டு கேட்கிற உரிமை பயணிக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் கேட்டிருக்கிறார்கள். 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வுவெலிங் கம்பனி சம்பந்தப்பட்ட வழக்கில், நியாயமான நிறைக்கும் அளவுக்கும் உட்பட்ட கைப்பொதி பயணத்தின் அவசியமான பகுதி, அதற்குத் தனியாகக் காசு அறவிடக்கூடாது எண்டு சொன்னது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு, கைப்பொதிக்குக் காசு வாங்கியது உட்படப் பல காரணங்களுக்காக ரயன்எயார், ஈசிஜெட் உள்ளிட்ட ஐந்து கம்பனிகளுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ தண்டம் போட்டது. கம்பனிகள் அதை எதிர்த்தன. முடிவு எப்படிப் போனாலும், பையின் அளவு பொது விஷயமாகப் பேசப்பட்டது. இங்கே அது இன்னும் பயணியின் கெட்டித்தனம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே இருக்கிறது. கூட வந்தால் 'உனக்குத் தெரியாதா?' எண்டு ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

உண்மையில் யாருக்குத் தெரியாது? அடிக்கடி பறக்கிற ஆளுக்குத் தெரியும். முதல் தரம் வேலைக்குப் போகிற அக்காவுக்கும், பிள்ளையைப் பார்க்கக் கனடா போகிற அம்மம்மாவுக்கும் தெரியாது. அவர்கள் டிக்கெட்டை ஏஜென்டிடம் எடுக்கிறார்கள். கையில் வருகிற தாளில் விவரம் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். பையை நிறுப்பது கவுண்டரில். அங்கே கூடினால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் பையைத் திறக்க வேண்டும். உள்ளாடையிலிருந்து மருந்துப் போத்தல் வரை வெளியே வரும். காசு இருக்கிறவர் அட்டையை நீட்டிவிட்டுப் போவார். கடன்பட்டு டிக்கெட் எடுத்தவர் எதை எறிவது எண்டு யோசிப்பார்.

இதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கட்டுநாயக்காவிலும் பலாலியிலும் கைப்பொதி விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில், வாசலுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். கவுண்டருக்குப் போகமுதல் ஆக்கள் தாங்களே நிறுத்துப் பார்க்க இலவசத் தராசு வேண்டும். டிக்கெட் விற்கிற ஏஜென்ட் 'கைப்பையில் 7 கிலோ' எண்டு வாங்குகிறவரின் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இனி இரண்டாவது தரப்பு. இது கொஞ்சம் கஷ்டமான பகுதி, ஏனெண்டால் அது எங்கட ஆக்கள்.

ஒருத்தர் வெளிக்கிடுகிறார் எண்டு தெரிந்தவுடனே வீட்டுக்குப் பார்சல் வரத் தொடங்கும். 'சின்னப் பார்சல்தான் பிள்ளை.' மிளகாய்த்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல், கருவாடு. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் ஆறு மாமிமாரின் ஆறு சின்னப் பார்சல் சேர்ந்தால் ஒரு சூட்கேஸ். பெரிய பை நிரம்பினால் மிச்சம் கைப்பைக்கு வரும்.

இந்தப் பழக்கத்தை நாங்கள் நக்கல் அடிக்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. யுத்த காலத்தில் கடிதமும் மருந்தும் காசும் ஆள் கையில்தான் வந்து சேர்ந்தன. வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பற்றரிகூட இலேசில் கிடைக்காது. யாராவது போகிறார்கள், வருகிறார்கள் எண்டால் அதுதான் தபால், அதுதான் கடை. பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறியிருக்கிற தாய்க்கு, தான் வறுத்து இடித்த தூள் மகளின் குசினிக்குப் போய்ச் சேருவது சின்ன விஷயம் இல்லை. அதை 'லொஜிஸ்டிக்ஸ் பிரச்சினை' எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் அந்த அன்புக்கான கிலோவைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் இளம் ஆக்கள், அதிலும் பெண் பிள்ளைகள். பெரியம்மாவுக்கு முகத்துக்கு நேரே 'ஏலாது' எண்டு சொல்லப் பழக்கப்படாதவர்கள்.

எங்கட கூட்டத்தில் நாலு பேர் ஒரு ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போனோம். இரண்டு நாள் நந்தனம் மைதானத்தில் சுற்றி, சாப்பாட்டுக் காசை மிச்சம்பிடித்துப் புத்தகம் வாங்கினோம். திரும்பும்போது ஒரு தோழியின் கைப்பை பத்துக் கிலோவைத் தாண்டி நின்றது. மேலதிகக் கட்டணத்துக்கு, நாலு பேரிடமும் மிஞ்சியிருந்த இந்திய ரூபாவைச் சேர்த்தும் காணவில்லை. பைக்குள் இருந்தது, சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் ஒரு கலியாணத்துக்காகக் கொடுத்துவிட்ட இரண்டு பட்டுச் சேலை, பூசைச் சாமான், அவளுடைய ஐந்து புத்தகம். அவள் யோசிக்கவேயில்லை, புத்தகங்களைத்தான் வெளியே எடுத்தாள். மூன்றை மற்றவர்களின் பைகளில் செருகினோம். பாரமான இரண்டும் கதிரையில் கிடந்தன. அதில் ஒன்று அவளுடைய இறுதியாண்டு ஆய்வுக்குத் தேவையானது, இங்கே நூலகத்தில் இல்லாதது. 'ஏன்டி, சேலையை எடுத்திருக்கலாமே' எண்டு கேட்டதுக்கு, 'அது மற்ற ஆக்களின்ர' எண்டாள். சேலை வந்து சேர்ந்தது, கலியாணத்தில் கட்டினார்கள், வடிவாகத்தான் இருந்தது.

அந்த ஒற்றை வசனத்தில்தான் எங்களுக்குப் பிரச்சினை. மற்றவரின் சாமான் எண்டால் அது பொறுப்பு, தன் சாமான் எண்டால் விட்டுவிடலாம் எண்டு எங்களை வளர்த்திருக்கிறார்கள். பைக்குள் இடம் குறையும்போது முதலில் இறங்குவது எங்கட தேவை.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பையை நீங்களேதான் அடுக்கினீர்களா எண்டு விமான நிலையத்தில் கேட்பது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. பைக்குள் என்ன இருந்தாலும் சட்டத்துக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியது கொண்டு போகிறவர்தான். வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமை எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒட்டிக் கட்டின பார்சலை யார் தந்தாலும் திறந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். குறை நினைப்பார்கள் எண்டால் நினைக்கட்டும்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மரக்கறிக்கடையில் தொங்கவிட்டு நிறுக்கிற மாதிரியான சின்னத் தராசு ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கி வையுங்கள், பட்ச் முழுக்கப் பாவிக்கலாம். திரவம் எண்டால் ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்குள், எல்லாம் சேர்த்து ஒரு லீற்றர் பைக்குள் அடங்க வேண்டும். 2006இல் லண்டனில் பிடிபட்ட குண்டுச் சதிக்குப் பிறகு வந்த விதி இது. அச்சாறு, ஜாம், நல்லெண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில்தான், அவை பெரிய பைக்குப் போகட்டும். பவர் பாங்க் அதற்கு நேர்மாறு, அது கைப்பையில் மட்டும். 100 வாற்-மணி வரை அனுமதி. 20,000 மில்லிஅம்பியர்-மணி எண்டு எழுதியிருந்தால் அது சுமார் 74 வாற்-மணி, பயமில்லை. எமிரேட்ஸ் 2025 ஒக்ரோபரிலிருந்து விமானத்துக்குள் பவர் பாங்க் பாவிப்பதை நிறுத்திவிட்டது, கொண்டு போகலாம், போட்டு சார்ஜ் பண்ண ஏலாது. கடைசி நேரத்தில் வாசலில் வைத்துக் கைப்பையை வாங்கிக் கீழே போடப் போகிறார்கள் எண்டால், பவர் பாங்க், பாஸ்போர்ட், மருந்து, லப்டொப் நாலையும் கையில் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பார்சல் விஷயத்துக்கு நாங்கள் ஒரு வழக்கம் தொடங்கியிருக்கிறோம். டிக்கெட் போட்டவுடனே வீட்டில் சொல்லிவிடுவது: பெரிய பையில் ஐந்து கிலோ மற்ற ஆக்களுக்கு, யாருக்கு எவ்வளவு எண்டு அம்மாவே பிரிக்கலாம். கைப்பை முழுக்கப் போகிற ஆளுக்கு. இதை முதல் நாளே சொன்னால் கோபம் குறைவு, கடைசி இரவில் சொன்னால் சண்டை. சில மாமிமார் இப்பவும் முகம் நீட்டுகிறார்கள். ஆனால் போன மாதம் வெளிக்கிட்ட தம்பி ஒருத்தன் தன் கைப்பையில் தனக்குத் தேவையான நாலு புத்தகத்தோடு போய் இறங்கினான். மிளகாய்த்தூளும் போய்ச் சேர்ந்தது, பெரிய பையில்.