பர்ஸ் பேசுது: 1 கோடி கார், 14 லட்சத்துக்கு!

போன மாசம் ஒரு ராத்திரி சேலத்துலேர்ந்து மாமா பையன் போன். ஹலோ கூட சொல்லல. "மச்சான், ஜெர்மன் செடான், 2014 மாடல், டீசல், லெதர் சீட்டு, பின்னாடி டி.வி. எடுத்தப்ப ஆன் ரோடு 1 கோடி. இப்போ வெறும் 14 லட்சம்! முடிச்சுடலாமா?"

பையன் காலேஜ் முடிச்சு 3 வருஷம். வேலை சரியா அமையல. கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை கார் வாடகைக்கு விடறதுதான் அவன் பிளான். அந்த 14 லட்சம் யாரோடது? மாமா ரிட்டையர் ஆனப்ப வந்த பணம். தங்கச்சிக்கு இன்னும் 2 வருஷம் ஃபீஸ் பாக்கி இருக்கு. 'பையன் பொழைச்சுக்கட்டும்'னு மாமா தலையாட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை டோக்கன் அட்வான்ஸ்!

எந்த கம்பெனி காருன்னு சொல்ல மாட்டேன். அது இங்கே முக்கியம் இல்ல. 86 லட்சம் எங்கே போச்சுங்கறதுதான் முக்கியம்.

முதல்ல, அந்த 1 கோடியே பொய்க்கணக்கு. அதுல ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கு. நம்ம ஊர் கணக்கையே பாருங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 20 லட்சத்துக்கு மேல விலை உள்ள காருக்கு ஆயுள் வரி 20%. 80 லட்சம் காருன்னா 16 லட்சம் வரி. அதாவது, நம்மாளு வாங்கப் போற மொத்த வண்டி விலையை விட ஜாஸ்தி! செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவன் இந்தப் பணத்தை உங்களுக்குத் திருப்பித் தர மாட்டான். ஷோரூம் கேட்டைத் தாண்டினதுமே அது காலி.

அப்புறம் இன்ஷூரன்ஸ்காரன் கணக்கு. ஐ.டி.வி.ன்னு பாலிசில ஒரு தொகை இருக்குமே, அதுக்கு ஒரு அட்டவணை உண்டு. 6 மாசத்துல 5%, 1 வருஷத்துல 15%, 2 வருஷத்துல 20%, 3-ல் 30%, 4-ல் 40%, 5-ல் 50% கழியும். மாருதியோ மெர்சிடிஸோ, அட்டவணை ஒண்ணுதான். ஆனா மார்க்கெட்டு அந்த அட்டவணையை மதிக்காது. நல்ல இன்னோவா அதை விட மெதுவா இறங்கும். பெரிய ஜெர்மன் செடான் லிஃப்ட்டு அறுந்த மாதிரி இறங்கும்.

ஏன் இப்படி? ரெண்டுமே இரும்புதானே பாஸ்?

முதல் காரணம், வாங்கறவங்க யாருங்கறது. பெரிய சொகுசு கார்களை நிறைய பேர் கம்பெனி பேர்லதான் வாங்குவாங்க. இன்கம் டாக்ஸ்ல காருக்கு வருஷம் 15% தேய்மானம் கழிச்சுக்கலாம். 1 கோடின்னா முதல் வருஷம் புத்தகத்துல 85 லட்சம், அடுத்த வருஷம் 72.25 லட்சம், 5 வருஷம் முடிஞ்சா சுமார் 44 லட்சம். லோன் வட்டியும் செலவுக் கணக்குல போயிடும். விலை இறங்கறது முதலாளிக்கு அவ்வளவா வலிக்காது. கொஞ்சம் வலியை வரிக் கணக்கு வாங்கிக்கும். அடுத்த மாடல் வந்ததும் தள்ளிவிட்டுடுவார். மாமா மாதிரி சம்பளக்காரருக்கு அந்தக் குஷன் கிடையாது. ஒவ்வொரு ரூபா தேய்மானமும் அவர் பாக்கெட்லேர்ந்துதான்.

அமெரிக்காவுல இது இன்னும் பெரிய கூத்து. அங்கே சொகுசு கார்கள்ல கணிசமானது லீஸ்ல ஓடும். 3 வருஷம் ஓட்டிட்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அப்போ வண்டி என்ன விலை போகும்னு முன்கூட்டியே ஒரு மதிப்பு போட்டு, மீதியைத்தான் மாசத் தவணையா வாங்குவாங்க. 3 வருஷம் கழிச்சு ஒரே மாடல் ஆயிரக்கணக்குல திரும்பி வந்து நிக்கும். விலை நிக்குமா? 2008-ல் பொருளாதாரம் படுத்தப்போ, போட்டு வெச்ச மதிப்பை விட மார்க்கெட் விலை கீழே போய், பி.எம்.டபிள்யூவே இதுக்காகப் பெரிய தொகையை ஒதுக்கி வெக்க வேண்டியதாச்சு. கார் செஞ்சவங்களுக்கே மறுவிற்பனை விலை பிடிபடல!

ஐசீகார்ஸ்ங்கற நிறுவனம் 2023-ல் அமெரிக்க விலைகளை வெச்சு எடுத்த கணக்கு சுவாரஸ்யமானது. 5 வருஷத்துல சராசரி காரோட விலை சுமார் 39% இறங்குது. பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் 60 சதவீதத்தைத் தாண்டி இறங்குது. போர்ஷே 911? 10% கூட இறங்கல! அதுவும் ஜெர்மன் வண்டிதான், அதுவும் சொகுசுதான். ஆனா 911-ஐ வாங்கறவன் அந்த 911-தான் வேணும்னு வாங்கறான். பழைய மாடலுக்குன்னே தனி ரசிகர் கூட்டம். 7 சீரிஸ் வாங்கறவனுக்கு 'லேட்டஸ்ட் 7 சீரிஸ்' வேணும். புதுசு வந்த அன்னிக்கே பழசு பழசுதான்.

இந்த ஆட்டத்துக்குள்ள 1989-ல் ஒரு ஜப்பான்காரன் புகுந்தான் பாருங்க, அதான் எனக்குப் பிடிச்ச கதை. டொயோட்டா லெக்ஸஸ்னு ஒரு புதுப் பேர்ல எல்.எஸ். 400 காரை 35,000 டாலர் ஆரம்ப விலையில அமெரிக்காவுல இறக்குச்சு. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ பெரிய செடான்களை விட ரொம்பக் கம்மி. 'டொயோட்டாக்காரனுக்கு எதுக்குய்யா சொகுசு கார்?'னு சிரிச்சாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே சிக்கல். ரெண்டு மூணு புகார் வந்ததை வெச்சு, வித்த சுமார் 8,000 காரையும் திரும்பக் கூப்பிட்டாங்க. புது கம்பெனிக்கு இதை விட அவமானம் உண்டா? ஆனா அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா... வீட்டுக்கே போய் காரை எடுத்துட்டு வந்து, சரி பண்ணி, கழுவித் துடைச்சுத் திருப்பி விட்டாங்க. 3 வாரத்துக்குள்ள வேலை முடிஞ்சது. 1996 மாடல் எல்.எஸ். 400 ஒண்ணு 2019-ல் 10 லட்சம் மைல் தாண்டி ஓடுச்சு. பழைய வண்டியா வாங்கறவன் பயப்படாம இருக்கறதுக்குக் கொடுக்கற காசுதான் ரீசேல் வேல்யூ. அந்த நம்பிக்கையை லெக்ஸஸ் இப்படித்தான் சம்பாதிச்சது.

உடனே 'அப்போ நானும் லெக்ஸஸ்'னு கிளம்பாதீங்க! இந்தியாவுக்கு அது 2017-லதான் வந்தது. நம்ம ஊர்ல ரீசேல்ங்கறது பெரும்பாலும் மெக்கானிக் மேட்டர். உங்க தெரு மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் 'ஓ... இதுவா'ன்னு சொல்ற வண்டிக்கு விலை நிக்கும். 'லேப்டாப் வேணும் தம்பி'ன்னு சொல்ற வண்டிக்கு நிக்காது. ஃபார்ச்சூனரைப் பாருங்க. உள்ள உட்கார்ந்தா ஜெர்மன் காரோட சொகுசு இல்லவே இல்ல, என் கணக்குல அது கொஞ்சம் லாரிதான். ஆனா பழசை விக்கப் போனா வாசல்ல ஆள் நிக்குது.

எகனாமிக்ஸ் மக்களுக்கு ஒரு சேதி. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் மார்க்கெட்டை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். விக்கறவனுக்கு வண்டியோட வியாதி தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லா வண்டிக்கும் மோசமான வண்டி விலையைத்தான் கேப்பான். அதைப் பார்த்து நல்ல வண்டிக்காரன் ஒதுங்கிடுவான். மோசமானதுதான் மார்க்கெட்ல மிஞ்சும். 3 ஜர்னல்கள் திருப்பி அனுப்பின கட்டுரை அது. 2001-ல் நோபல் வாங்கினார். அரியர்ஸ் பார்ட்டிகள் ஆறுதல் அடையலாம்!

சேலத்துக்கு வருவோம். அந்த வண்டி டெல்லி நம்பர். அங்கேதான் விஷயமே. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்துல 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னுச்சு. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. வண்டி நல்லா இருந்தாலும் அந்த ஊர்ல அதுக்கு நாள் குறிச்சாச்சு. அதனால டெல்லி டீசல் சொகுசு கார்கள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வர ஆரம்பிச்சுது. (2025 ஆகஸ்ட்ல, வயசை மட்டும் வெச்சு நடவடிக்கை எடுக்க வேணாம்னு கோர்ட்டு சொல்லிச்சு. டிசம்பர்ல அந்தச் சலுகை பி.எஸ்.4-ம் அதுக்கு மேல உள்ளதுக்கும் மட்டும்னு ஆச்சு.) இங்கே கொண்டு வந்து ஓட்டணும்னா டெல்லி ஆர்.டி.ஓ.கிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும், நம்ம ஊர்ல மறுபடி வரி கட்டணும், நம்பர் மாத்தணும். 14 லட்சத்துல இது எதுவும் சேர்த்தி இல்ல. இன்னொண்ணு, வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடறது சட்டப்படி தப்பு. மஞ்ச போர்டு, பர்மிட் வேணும். மாப்பிள்ளை ஊர்வலத்துல எவனாவது இடிச்சுட்டா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். இதை மாமாகிட்ட சொன்னப்போதான் அவர் முகம் லேசா மாறுச்சு.

பையன் மசியல. "மச்சான், 2025 செப்டம்பர்ல புது கார் ஜி.எஸ்.டி.யே குறைஞ்சுடுச்சு. எல்லாம் சீப்பாகுது, இதான் டைம்!" பாதி சரி. பெரிய காருக்கு செஸ்ஸோட சேர்த்து 48, 50%னு இருந்த வரி 40% ஆச்சு. ஆனா தம்பி, புதுசு விலை குறைஞ்சா பழசு விலையும் சேர்ந்துதானே இறங்கும்? நீ வாங்கி வெச்சிருக்கறதும் பழசுதானே!

ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கே எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனோட அந்தக் கடை வாசல்ல நின்னோம். வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பார்க்கணும்கறது அவர் கண்டிஷன். பளபளன்னு இருந்தது கார். அண்ணன் கிட்டவே போகல. 10 அடி தள்ளி நின்னு பார்த்துட்டு, "பின்னாடி இடது பக்கம் உக்காந்திருக்கு பாருங்க" என்றார். ஏர் சஸ்பென்ஷன். ராத்திரியில காத்து கசிஞ்சு ஒரு பக்கம் இறங்கியிருக்கு. ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தா கம்ப்ரஸர் காத்தை ஏத்தி சமமாக்கியிருக்கும், நமக்குத் தெரிஞ்சே இருக்காது. "என்ன செலவாகும்ணே?" அண்ணன் சொன்ன தொகையைக் கேட்டு மாமா கைக்குட்டையை எடுத்தார். கார் விலைதான் 14 லட்சத்துக்கு இறங்கியிருக்கு. பார்ட்ஸ் இன்னும் 1 கோடி காரோட பார்ட்ஸ்தான், அதுக்கு எவனும் தேய்மானம் கழிக்கறதில்ல.

அட்வான்ஸ் கொடுக்காம திரும்பினோம். வழியில டிபன் சாப்பிட்டப்போ பையன் என்கூட பேசவே இல்ல. மாமாதான் எனக்கு ரெண்டு வடை எக்ஸ்ட்ரா சொன்னார்.

நேத்து ராத்திரி மறுபடி போன். "மச்சான்... அதே வண்டி, கடைக்காரர் இப்போ 11.5 சொல்றார்." பின்னாடி மாமா குரல் கேட்டுச்சு: "ஃபோனை வெச்சுட்டு வந்து சாப்பிடுடா!"