பொது வீதி எவருக்கு?

தர்மபுரி ஜில்லாவிலுள்ள பாப்பாரப்பட்டியைத் தேசாபிமானிகள் அறிவார்கள். 1925-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி சுப்பிரமணிய சிவா உயிர் நீத்தது அவ்வூரில்தான். சிறைவாசத்தில் அவருக்குக் கிடைத்தது குஷ்டரோகம். அந்நோயையே காரணமாகக் காட்டி, அவர் ரயிலேறலாகாதென்று அன்னிய ராஜாங்கம் தடுத்தது. அவரோ கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று தேசத் தொண்டைத் தொடர்ந்தார். அவரது ஞாபகத்தைப் போற்றும் நாம், நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். தேகத்தின் குறையைக் காட்டி ஒருவரைப் பொது வழியினின்று விலக்கும் அநீதி, அன்னியரோடு கப்பலேறிப் போய்விட்டதா?

போகவில்லை என்பதே நமது அபிப்பிராயம். இன்று தடையுத்தரவு எதுவுமில்லை. ஆனால் தடையுத்தரவு செய்த காரியத்தை ஓர் உயரமான படிக்கட்டு சந்தடியில்லாமல் செய்து முடிக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் அதன் கீழே நின்றுவிடுகிறார். கண்பார்வையற்றவர், வந்து நிற்பது எந்த ஊர் பஸ்ஸென்று அயலாரை இரந்து கேட்கிறார். 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். இவர்களும் வரி கொடுக்கும் பிரஜைகளே.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், குஷ்டரோகத்தினின்று குணமடைந்தவர்களையும் தன் பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. பஸ் நிலையங்களில் அவர்களுக்கேற்ற வசதிகள் வேண்டுமென்று அது கூறுகிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த அது கொடுத்த ஐந்து வருஷத் தவணை, விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து எண்ணினால், 2022-லேயே கடந்துவிட்டது. அவ்விதிகள் வெறும் சிபார்சாக நிற்பது சட்டத்திற்கே முரண் என்று 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஆகவே நாம் கேட்பது தர்மமன்று, உரிமை.

இது மேனாட்டுப் புதுமை என்று சிலர் சொல்லக்கூடும். நம் பெரியோர் சாலையோரங்களில் நாட்டிய சுமைதாங்கிக் கல்லை அவர்கள் மறந்தார்கள் போலும். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒன்றைக் கிடத்தினார்கள், அவ்வளவே. தலைச்சுமைக்காரர் பிறர் கை உதவியின்றிச் சுமையை இறக்கவும், மறுபடி ஏற்றவும் தக்க உயரம் அதற்கு இருந்தது. கர்ப்பத்தோடு மாண்ட பெண்ணின் நினைவாக அதனை நிறுத்துவது வழக்கம். வழிப்போக்கரின் தேகத்தை அளந்து, அதற்கேற்பக் கல்லை அமைத்த புத்தி நம்முடையது. இன்று சிமெண்டுக்கு மனிதர் வளைந்து கொடுக்கவேண்டும் என்கிறோமே, அதுவன்றோ புதுமை!

தற்காலத்து நகரங்களில் 'ஸ்மார்ட்' என்னும் அடைமொழியோடு பல சாதனங்கள் வருகின்றன. வரும் பஸ்ஸின் பெயரைக் குரலால் அறிவிக்கும் பலகை, சாலையைக் கடக்கும் தருணத்தை ஓசையால் உணர்த்தும் விளக்குக் கம்பம், சூரிய ஒளியில் எரியும் விளக்கோடு கூடிய ஆசனம் ஆகியவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் பேசும் பலகையிருந்தும் அதனிடம் போகச் சாய்தளமில்லையெனில் பயனென்ன? ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமேனும் சாய்தளம் வேண்டுமென்பது எங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு. ஜப்பானில் ஒகயாமா நகரத்தில் 1967-ல் முதன்முதல் பதித்த புடைப்புக் கற்கள், பாதத்தாலேயே வழியறியும்படி பார்வையற்றோருக்கு உதவின. அதில் யந்திரம் ஏது? பிறர் நிலையில் தம்மை வைத்து நினைத்த மனமே அங்கே வேலை செய்தது.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். மறு மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்பு செப்பனிட்டார்கள். திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை, பராமரிப்பே அதன் உயிர் என்பதற்கு இது திருஷ்டாந்தம். கடலைக் காணும் உரிமை ஒருவருக்கு உண்டெனில், ஒகேனக்கலில் காவிரியைக் காணும் உரிமையும் உண்டன்றோ?

அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் கச்சேரிக்கும் தர்மபுரிக்கே வரவேண்டியிருக்கிறது. நோயாளிகளும் முதியோரும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் அவர்களில் அநேகர். ஆதலால் நிழலும், கையூன்றி எழக் கைப்பிடியுள்ள ஆசனமும், அதனருகே சக்கர நாற்காலிக்கு இடமும், சாய்தளமும், தடையற்ற நடைபாதையும் முதலில் வேண்டும். பேசும் பலகை முதலியன அவற்றின்மேல் வரட்டும். வரைபடம் எழுதுமுன் மாற்றுத் திறனாளிகளை அழைத்து அவர்கள் சொல்லைக் கேட்கவேண்டும். பணமில்லையென்னும் சமாதானம் செல்லாது. கட்டும்போதே சாய்வாகக் கட்டுவதைவிட, கட்டியதை இடித்துத் திருத்துவதே அதிகச் செலவு.

பொதுத் தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாள் காலை, சக்கர நாற்காலியில் செல்லும் நண்பர் ஒருவரோடு உங்கள் ஊர் பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரையில் செல்லுங்கள். அவர் எங்கெங்கே தடைப்பட்டு நிற்கிறாரோ, அவ்விடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பை முனிஸிபல் சபையின் முன் வைத்து, பதில் வரும் வரையில் விடாது கேளுங்கள். சிவாவுக்கு ரயிலின் கதவை அடைத்தவர்கள் அன்னியர். இன்று ஒருவருக்கு வீதி அடைபடுமாயின், அதற்கு உத்தரவாதிகள் நாமே.