துரைத்தனங்களின் வரைபடம்



நமது சபைக்கு வருகிற ஒரு சகோதரி சென்ற மாதம் நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையின்மேல் விரித்தார். அது ஒரு வரைபடம். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே வித்துரா, பொன்முடி, அகஸ்தியர்கூடம் என்னும் இடங்கள் மையினால் வரையப்பட்டிருந்தன. ஒவ்வொரு மலைக்கும் ஓர் அசுத்த ஆவி. ஒவ்வொரு ஆவிக்கும் ஒரு பதவி. பெரிய மலைக்கு அதிபதி, அடுத்ததற்குச் சேனாபதி, கல்லாற்றங்கரையில் ஒரு காவலாளி.

அச்சகோதரியின் பெற்றோர் வித்துராவுக்கு மேலேயுள்ள போணக்காடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். இவரும் பல ஆண்டுகள் பறித்துவிட்டுப் பட்டணத்துக்கு இறங்கியவர். மகனுக்கு வேலை நிலைக்கவில்லை. மலையதிபதியின் கட்டு குடும்பத்தைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது என்று எங்கிருந்தோ வந்த ஊழியர் ஒருவர் கூறி, கட்டறுப்பு ஜெபத்துக்கான காணிக்கைத் தொகையையும் தாளின் ஓரத்தில் குறித்துக் கொடுத்திருந்தார். “ஐயா, அந்த மலையடிவாரத்துக்கு என்னோடு வந்து ஜெபிப்பீர்களா?” என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. வேதாகமக் கல்லூரியை முடித்து வந்த புதிதில் நானும் இதைச் செய்தவன். 1990-களில் ஆறு வாலிபர்களோடு ஒரு பட்டணத்தின் வரைபடத்தை விரித்து, எந்தத் தெருவில் எந்த ஆவி ஆளுகிறது என்று சிவப்பு மையினால் குறித்தோம். சாராயக்கடைகள் யாவும் சிவப்பாயின. வட்டிக்கடை ஒன்றையும் குறிக்கவில்லை; அவற்றில் ஒன்று எங்கள் சபை மூப்பருடையது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கரான பீட்டர் வாக்னர் முதலானோர் அந்த ஆண்டுகளில் இதை ஒரு போதனையாகவே பரப்பினர். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஓர் ஆவி அதிபதி உண்டு, அவனை அடையாளம் கண்டு எதிர்க்க வேண்டும் என்றனர். அதற்குச் சற்று முன், 1986-ல், பிராங்க் பெரெட்டி ஒரு சிற்றூரின்மேல் தேவதூதரும் பிசாசுகளும் படை நடத்தும் நாவல் ஒன்றை எழுதினார். கதையாக எழுதப்பட்டதை அநேகர் உபதேசமாக வாசித்தனர்.

ஆயினும் இது அமெரிக்கச் சரக்கு மட்டுமன்று. 1577-ல் யோகான் வையர் என்னும் மருத்துவர் பிசாசுகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அறுபத்தொன்பது பேர், ராஜாக்கள், பிரபுக்கள், தளபதிகள், ஒவ்வொருவனுக்கும் கீழே இத்தனை லேகியோன் சேனை என்ற கணக்கு வேறு. சூனியக்காரிகள் என்று பெண்களைக் கொளுத்திய அக்காலத்தில் அக்கொடுமையை எதிர்த்து எழுதியவர் அவர். இப்பட்டியலையும் அதன் மூடத்தனம் வெளிப்படவே அச்சிட்டார். பின்வந்தவர்களோ அதையே கையேடாக்கிக்கொண்டனர்! அப்பட்டியலைப் பார்த்தால் அது நரகத்தின் அமைப்பாகத் தோன்றவில்லை; அக்கால ஐரோப்பிய அரண்மனையின் வருகைப் பதிவேடாகவே தோன்றுகிறது. கிராம்வெல்லின் காலத்தில் அரசாங்கச் செயலராயிருந்த மில்டன், 1667-ல் பாதாளத்தில் ஒரு பாராளுமன்றத்தையே கூட்டினார். உள்நாட்டுப் போரில் படைவீரராயிருந்த ஜான் பனியன் 1682-ல் எழுதிய ‘பரிசுத்த யுத்தம்’ என்ற நூலிலோ பிசாசு ஒரு கோட்டை நகரைப் பிடித்து, மேயரை நீக்கித் தன் ஆளை வைக்கிறான். அவரவர் கண்ட ஆட்சியே அவரவர் பாதாளத்தில் நடக்கிறது.

நம் தமிழ் வேதாகமத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் கூறும் அந்தகார ஆளுகைகளுக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு இட்ட சொல் ‘துரைத்தனங்கள்’. அக்காலத்தில் வெள்ளைக்காரரின் அரசாங்கத்துக்குத் தமிழில் துரைத்தனம் என்றே பெயர். மொழிபெயர்த்தவர்கள் நையாண்டி செய்யவில்லை. அதிகாரத்துக்கு அன்று வழங்கிய சொல்லை இட்டார்கள், அவ்வளவே. தோட்டத்தில் மேலாளரைத் துரை என்று அழைத்து வளர்ந்த அச்சகோதரிக்கு இதைச் சொன்னபோது, “அப்படியா ஐயா?” என்று சற்று நேரம் பேசாமலிருந்தார்.

பிசாசு உண்டு என்று நம்புகிறவன் நான். தானியேல் பத்தாம் அதிகாரத்தில் பெர்சியாவின் அதிபதி வருகிறான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேதம் நமக்கு வரைபடம் தரவில்லை. கதரேனர் நாட்டில் லேகியோன் என்ற பிசாசுகள் இடத்தைக் குறித்துக் கெஞ்சுகின்றன. அந்தத் திசையைவிட்டுத் துரத்தவேண்டாம் என்பது மாற்கு ஐந்தில். பாதாளத்துக்கு அனுப்பவேண்டாம் என்பது லூக்கா எட்டில். லேகியோன் என்பதோ ரோமப் படைப்பிரிவின் பெயர். அந்நாட்டை உண்மையில் மிதித்துக்கொண்டிருந்த படை எது என்பது கேட்டவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மனுஷன் தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். ஊராரோ ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் போனதைக் கேட்டு, இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறார்கள்.

வித்துராவுக்குப் போனோம். சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த வாலிபர்கள் பேய் பங்களாவுக்கு வழி கேட்டார்கள். போணக்காட்டில் பாழடைந்து கிடக்கும் துரை பங்களாவைப்பற்றிய கதை வெகு பிரசித்தம். துரையின் பதின்மூன்று வயது மகள் அங்கே இறந்தாள் என்றும், பின்னாளில் விறகு பொறுக்கப் போன ஏழைச் சிறுமியின்மேல் அந்த ஆவி ஏற, எழுத்தறியாத அவள் சரளமாக ஆங்கிலம் பேசினாள் என்றும் சொல்கிறார்கள். அத்தோட்டத்தின் லயங்களில் காய்ச்சலிலும் பிரசவத்திலும் மாண்ட பிள்ளைகள் எத்தனையோ! அவர்களில் ஒருவரும் பேயாக வந்ததாகக் கதை இல்லை. ஆவியாக வருவதற்கும் துரை வீட்டுப் பிள்ளையாயிருக்க வேண்டும்போலும்.

அத்தோட்டத்தில் தொழிற்சாலை நின்று, கூலி ஆண்டுக்கணக்கில் பாக்கி விழுந்து, லயங்களின் கூரை ஒழுகியதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. அதைப் பார்க்க எவரும் மோட்டார் சைக்கிளில் வந்ததாகத் தெரியவில்லை. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதை யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அக்குரல் கர்த்தரின் செவியை எட்டியதென்கிறார். அதை எந்த வரைபடத்திலும் நாம் குறித்ததில்லை.

சாலையோரத்தில் நின்று ஜெபித்தோம். எந்த அதிபதியையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. பின்பு அச்சகோதரியிடம், “அம்மா, உங்கள் பாக்கிக் கூலி, சேமநிதி, பணிக்கொடை, இவற்றுக்குக் காகிதம் ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். இருபது வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி என்றார். வேதாகமத்தின் தோலுறையைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். மூன்று சீட்டுகளில் மை மங்கியிருந்தது. மற்றவற்றில் எண்கள் தெளிவாயிருந்தன. வருகிற செவ்வாய்க்கிழமை அவற்றோடு இருவரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.