அலுமாரி ஒன்று வேண்டும்



ஆண்டு விழா மலரில் வாழ்த்துச் செய்திகளுக்குக் குறைவிராது. ஆதலின் வாழ்த்துவதைப் பெரியோரிடம் விட்டு, விண்ணப்பம் ஒன்றை உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

சனிக்கிழமை காலைகளில் ஃபாரஸ்ட் கேட்டில் நாம் வாடகைக்குப் பெறும் வகுப்பறை நமதன்று. சுவரிலுள்ள படங்கள் வாரநாட் பள்ளிக்குரியவை, அவற்றைத் தொடலாகாது. பலகையில் நாம் எழுதியதை அழித்துவிட்டே வெளியேறுகின்றோம். ஆசிரியை பையிற் சுமந்துவரும் போட்டோப் பிரதிகளே நமது கற்பித்தற் சாதனங்கள்.

சென்ற தவணையில் 'சு' என்னும் எழுத்துக்குச் சுளகின் படம் காட்டப்பெற்றது. கறுப்பு வெள்ளைப் பிரதியில் அதனை நோக்கிய சிறுவன் ஒருவன், "இது மீனா, ரீச்சர்?" என வினவினான். அவனைக் குறைகூறுவதற்கில்லை. மறுவாரம் பாட்டியார் ஒருவர் தம் வீட்டுச் சுளகையே கொண்டுவந்து, அரிசியைப் பெய்து புடைத்துக் காட்டினார். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என மூன்று வினைச்சொற்கள் அன்று அவ்வகுப்பிற்கு வந்து சேர்ந்தன, இன்றளவும் போகவில்லை. (நிலத்திற் சிந்திய அரிசியைக் கூட்டியள்ள அரைமணி நேரம் சென்றதையும் மறைப்பதற்கில்லை.)

இது புதுமையன்று. மணலில் விரலால் எழுதிக் கற்றவர் நம் முன்னோர். ஏடு தொடக்கும் நாளில் இன்றும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலேதான் 'அ' எழுதுவிக்கின்றோம். 1939 ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய இத்தாலிய அம்மையார் மரியா மொண்டிசோரி, சொரசொரப்பான அரத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும் முறையைப் பரப்பியவர். தமிழில் 247 எழுத்துகளாயிற்றே என்று மலைக்க வேண்டா. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. இவற்றோடு அரவு, கொம்பு, விசிறி முதலிய குறிகளையும், வடிவம் மாறும் உகர ஊகார வரிசைகளையும் வெட்டிக்கொண்டால் எஞ்சியவற்றைப் பிள்ளைகளே பொருத்திக் கொள்வர். மட்டையும் அரத்தாளும் பசையுமே செலவு.

தமிழகத்தில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பெற்றது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் அதனை முன்னின்று நடத்தினார். ஆந்திரத்து ரிஷிவாலிப் பள்ளியின் முறையே அதற்கு முன்மாதிரி. பிள்ளை தன் படிநிலைக்குரிய அட்டையைத் தானே எடுத்து, பாயிலமர்ந்து, தன் உயரத்திற்குத் தாழ அமைந்த கரும்பலகையில் எழுதும். 2007 இல் அது மாநிலமெங்கும் விரிந்தது. பின்னர் மாற்றங்கள் பல கண்டது. அதனை இங்கே அப்படியே பெயர்த்து நட இயலாது. அவர்களுக்கு வாரம் முழுதும் வகுப்பறை உண்டு. நமக்குச் சில மணி நேரமே. அட்டைகளையும் எழுத்துகளையும் செய்துவிடலாம். அவற்றை எங்கே வைப்பது? ஆகவேதான் பூட்டுள்ள அலுமாரி ஒன்றைக் கேட்கின்றோம். அதற்கு இடந்தருமாறு கட்டட நிருவாகத்தாரை வேண்டுவது எமது பொறுப்பு.

பணத்திற்கு வருவோம். இவ்விழாவிற்குச் சேரும் பணத்தின் பெரும்பகுதி மண்டபத்திற்கும் ஒலி ஒளிக்கும் கேடயங்களுக்கும் போய்விடுகின்றது. ஆடலும் பாடலும் வேண்டாமென்று சொல்வோமல்லோம். மேடையேறிய பிள்ளைக்குத் தமிழில் நாணம் அகலுவதைக் கண்கூடாகக் காண்கின்றோம். ஆயினும் பங்குபற்றிய அனைவருக்கும் ஆண்டுதோறும் கேடயம் எதற்கு? பல வீடுகளில் அவை யன்னலோரத்தில் தூசி படிந்து நிற்கின்றன. வரும் ஆண்டு கேடயங்களைப் பாதியாகக் குறைத்து அப்பணத்தை வகுப்பறைக்குத் தருக என்பது எமது துணிந்த கருத்து. சிலர் சினப்பர், சினக்கட்டும்.

இன்னொன்று, வரி செலுத்தும் பெற்றோர்க்கு. பதிவுபெற்ற அறநிலையம் ஒன்றுக்கு நீங்கள் அளிக்கும் நன்கொடைக்கு 'கிஃப்ட் எயிட்' படிவத்திற் கையொப்பமிட்டால், பவுண் ஒன்றுக்கு 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து அந்நிலையம் பெறலாம். பத்துப் பவுண் பன்னிரண்டரைப் பவுணாகும். உங்களுக்கு மேலதிகச் செலவில்லை. வகுப்புக் கட்டணத்திற்கும், அதிட்டலாபச் சீட்டுக்கும், உணவுப் பொதிக்கும் கொடுக்கும் பணத்திற்கு இது பொருந்தாது. ஐந்து பவுணுக்குச் சீட்டு வாங்குவோர் அதனை நன்கொடையாகவே தந்தால் பள்ளிக்கு மிகுதி என்பதைக் கணக்குப் பாடத்தில் வல்ல மாணவர்கள் பெற்றோர்க்கு விளக்குவார்களாக.

இரவல் அறையில் இருப்பதனால் எதுவும் இயலாதென்பார்க்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைவூட்டுவோம். 1933 இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் அது தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ஒற்றை அறையில் நூலகமாயிற்று. சொந்தக் கட்டடம் திறக்க 1959 ஆயிற்று. 1981 இல் எரியூட்டப்பட்டபோது அங்கு ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. நாம் கேட்பது அலுமாரி ஒன்றே.

படிவங்கள் மண்டப வாயில் மேசையில் உள்ளன. பணம் இயலாதோர் வீட்டில் முடங்கிக் கிடக்கும் மூக்குப்பேணி, நீற்றுப்பெட்டி, இடியப்ப உரல், புட்டுக்குழல், பழைய நாணயங்கள் ஆகியவற்றுள் எதனையேனும் தரலாம். சுளகு மட்டும் வேண்டா; பாட்டியார் தந்துவிட்டார்.