புத்தகம் மாறினால் ஆட்டமும் மாறுமா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கோடை விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனால் எங்களுக்கு ஒரே வேலைதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா மகன், எங்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணன், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிடுவார். ஐந்து பேர் சுற்றி உட்காருவோம். "நீங்கள் ஒரு குகை வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்பார். அவ்வளவுதான், ஆட்டம் தொடங்கிவிடும்.

இந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரம் போல இதற்குப் பலகை வேண்டியதில்லை. ஆளுக்கொரு கதாபாத்திரம். அது செய்யத் துணிவது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன பொருள் என்பதை விதிப் புத்தகம் சொல்லும். என் பாத்திரத்தின் தாய் மானிடப் பெண். தந்தை எல்ஃப், அதாவது மேலைநாட்டுக் கதைகளில் வரும் நீண்ட ஆயுள் கொண்ட வனவாசி. காயம் ஆற்றும் மந்திரம் அறிந்தவள். மூன்று விடுமுறைகளாக அவளை வளர்த்து வந்தேன். 2024ஆம் ஆண்டு புதிய விதிப் புத்தகம் வெளிவந்தது. சித்தி மகன் தம்பி அதை ஆசையோடு வாங்கி வந்தான். புரட்டினேன். இனங்களின் பட்டியலில் பாதி எல்ஃப் இல்லை! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் தோழியரே, நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஆனால் இப்படிச் சோறு இறங்காமல் தவித்தவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974இல் இந்த ஆட்டத்தை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். அன்று முதல் பதிப்பு மாறும்போதெல்லாம் மனத்தாங்கலும் கூடவே வந்திருக்கிறது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் கதை சுவையானது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கே சில பெற்றோர், இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பிசாசு வழிபாட்டுக்கு இழுத்துவிடும் என்று அஞ்சினார்கள். (நம் சிஸ்டர்மார் இவ்வரியில் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது!) ஆகவே பேய், பிசாசு என்ற பெயர்களைப் புதிய பதிப்பிலிருந்து நீக்கினார்கள். 1991இல் அதே பிராணிகள் வாயில் நுழையாத வேறு பெயர்களோடு திரும்பி வந்தன. பழைய ஆட்டக்காரர்களுக்கு ஆத்திரம். 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய பெயர்களும் வந்து சேர்ந்தன. எங்கள் மேசைக்குப் பிசாசு வருவதே எங்களிடம் தோற்பதற்காகத்தான். அதன் பெயரை மறைத்துவிட்டால் யாரைத் தோற்கடித்தோம் என்று பெருமைப்படுவது?

எல்லா மாற்றமும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முந்திய பதிப்புகளில் கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகமாம். அண்ணன் அதை விளக்கியபோது கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாத எனக்கே தலை சுற்றியது. 2000இல் அதைத் தலைகீழாக்கி, எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று வைத்தார்கள். அந்தப் புண்ணியவான்கள் வாழ்க! ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2003இல், அதே புத்தகங்களைத் திருத்தி மறுபடி விற்றார்களே, அது எந்த நியாயம்? மூன்றும் தடித்த புத்தகங்கள், விலையும் தடித்தது. பணம் கொடுக்கும் அப்பாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரும் பிளவு 2008இல் நேர்ந்தது. நான்காம் பதிப்பு ஆட்டத்தை அடியோடு மாற்றியது. நோம் என்னும் குள்ள இனம் முதல் புத்தகத்தில் இல்லை. அது அடுத்த ஆண்டுதான் திரும்பியது. பலர் மனம் வெறுத்தார்கள். பைசோ என்ற நிறுவனம் பழைய விதிகளையே செப்பனிட்டு 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட, பழைய ஆட்டக்காரர் பலர் அங்கே போய்விட்டார்கள். நான்காம் பதிப்பை ஆடியவர்களைப் பார்த்து, 'இதெல்லாம் ஓர் ஆட்டமா?' என்று இகழ்ந்தவர்களும் உண்டு.

இங்கேதான் எனக்கு முள் தைக்கிறது. முதன்முதல் ஆடக் கற்றதே நான்காம் பதிப்பில்தான் என்றால், அவளுக்கு அதுதானே 'பழைய' பதிப்பு? அவளை ஏன் இகழ வேண்டும்? நானும் அதைத்தான் செய்தேன். தம்பியின் புத்தகத்தை 'குப்பை' என்றேன். "அப்படியானால் நான் ஆட வரவில்லை" என்று எழுந்து போனான். இரண்டு நாள் எங்கள் மேசை வெறுமையாகக் கிடந்தது.

'கேவலம் ஒரு விளையாட்டுக்கா இத்தனை சண்டை?' எனப் பெரியோர் கேட்கலாம். நிறுவனம் விற்பது விதியை மட்டுமே. கதையை நாங்கள்தான் படைக்கிறோம். பாதி எங்களுடையதாகிவிட்ட பொருளை எங்களைக் கேளாமல் மாற்றும்போது வலிக்காதா? கேட்டுச் செய்தபோது பலன் வேறாக இருந்தது. 2012 முதல் வரைவு விதிகளை ஆட்டக்காரர்களிடமே கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிக் கருத்துச் சொன்னார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை அநேகர் விரும்பினார்கள்.

'பழைய புத்தகம்தான் அலமாரியில் இருக்கிறதே, அதை வைத்து ஆடு' என்று சொல்வது சுலபம். அச்சிட்ட புத்தகத்துக்கு அது சரி. ஆனால் பலர் தம் பாத்திரங்களைக் கணினியில், அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில், அங்குள்ள பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வைக்கப்படும் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கூக்குரலிட்ட பிறகே சில நாட்களில் அதைக் கைவிட்டார்கள். முணுமுணுப்பவர்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

மூன்றாம் நாள் நானே போய்த் தம்பியை அழைத்து வந்தேன். பழைய புத்தகத்து இனங்களையும் புதிய விதிகளோடு ஆடலாம் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். என் பாதி எல்ஃப் பிழைத்தாள். ஆனால் அடுத்த தகராறு காயம் ஆற்றும் மந்திரத்தில் முளைத்தது. என் புத்தகத்தில் அதற்கு எட்டு முகப் பகடை ஒன்று. தம்பியின் புத்தகத்தில் இரண்டு. "எல்லாருக்கும் இரண்டு" என்றார் அண்ணன். நான் மறுபேச்சுப் பேசாமல் இரண்டாவது பகடையை எடுத்துக்கொண்டேன். தம்பி என்னைப் பார்த்தான். நான் குகை வாயிலைப் பார்த்தேன்.