மதிய ஃபீடரும் இரவு ஃபீடரும்

மே மாத இரவு பத்து மணிக்குச் சேலையூரிலோ மேடவாக்கத்திலோ ஏ.சி. ஓடவில்லை என்றால் 'லோ வோல்டேஜ்' என்று போன் வரும். அதே நேரத்தில் துணைமின் நிலையத்து அதிர்வெண் மீட்டர் 50-ஐ ஒட்டியே நிற்கும். வோல்டேஜ் அந்தந்த ஊரின் சங்கதி. அதிர்வெண் நாடு முழுவதற்கும் ஒன்று.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. தென் மண்டலக் கட்டமைப்பு தனித்து ஓடிய காலத்தில், நம் பற்றாக்குறை உடனே மீட்டரில் தெரிந்தது; 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டிய நாட்களும் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே நாட்டோடு இணைந்தோம். அதன் பிறகு, நம் பிழையை மற்ற மாநிலங்களின் இயந்திரங்களும் சேர்ந்து சுமக்கின்றன. 5 சதவீத டிரூப் கொண்ட 500 மெகாவாட் அலகு, அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் சரிந்தால் கூடுதலாகத் தரக்கூடியது 20 மெகாவாட். வல்லூர் அலகானாலும் வட இந்திய அலகானாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கூடுதல் உற்பத்தி போதாதபோது கடைசி அரண் நம்மிடம் இருக்கிறது: 49.4, 49.2, 49.0, 48.8 ஹெர்ட்ஸில் படிப்படியாக ஃபீடர்களைத் துண்டிக்கும் குறை அதிர்வெண் ரிலேக்கள். எந்த ஃபீடர் எத்தனை மெகாவாட் நிவாரணம் தரும் என்பது காகிதத்தில் இருக்கிறது. ஆனால் தாம்பரம், பல்லாவரம், கேளம்பாக்கம் பகுதிகளில் மொட்டை மாடிதோறும் சோலார் ஏறிவரும் நிலையில் அந்த எண் நாள் முழுவதும் ஒன்றாக இருக்குமா?

மதிய வெயிலில் ஃபீடரின் நிகரச் சுமை சுருங்கும். ரிலே அதைத் துண்டித்தால் மாடியில் இருக்கும் இன்வெர்ட்டர்களும் கூடவே நின்றுவிடும். சுமையோடு உற்பத்தியும் போகும். மின்சாரம் ஃபீடரிலிருந்து பஸ்பாருக்குத் திரும்பி ஓடும் வேளையானால், துண்டிப்பே பற்றாக்குறையைக் கூட்டும். இரவிலோ அதே ஃபீடர் முழுச் சுமையோடு நிற்கும்.

ரிலேயின் செட்டிங்கைச் சோதிக்கிறோம். அது துண்டிக்கும் சுமையை நேரவாரியாகச் சோதிக்கிறோமா? கோடைக்கு முன் ஒரு வேலை செய்யலாம். ரிலே பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபீடருக்கும் மதியம் 12 மணி, இரவு 10 மணி ஆம்பியர்களை லாக் புத்தகத்திலிருந்து எடுத்து அருகருகே எழுதுவோம். வித்தியாசம் பெரிதாக இருக்கும் ஃபீடரைப் பட்டியலிலிருந்து மாற்றுவதற்கு, அந்த ஒரு தாளே போதிய சான்று.