கட்டிலருகே ஓர் ஆள் வேண்டும்

புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ கரசூரிலோ எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள, கோரிமேட்டு ஜிப்மருக்கோ கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு சென்று, சஸ்திர சிகிச்சையும் க்ஷேமமாக முடிந்து, வீட்டார் நிம்மதியடைந்திருக்கும் இரண்டாம் நாள் இரவில், அவள் பெற்ற மகளையே யாரென்று கேட்பதும், என்றோ மாண்ட கணவனைக் கூவி அழைப்பதும், கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கி எறிவதும் வைத்தியர்களுக்குப் புதிய காட்சியல்ல. பந்துக்களோ, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அஞ்சி, மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். நேர்ந்துகொள்வதில் பிழையில்லை, அத்தோடு நின்றுவிடுவதுதான் பிழை.

இது பைத்தியமுமன்று, முதுமையின் மறதி நோயுமன்று. ரத்தத்தில் உப்புக் குறைவு, பிராணவாயுக் குறைவு, சிறுநீரில் கிருமி, நாட்கணக்கான மலச்சிக்கல், தணியாத வலி, தூக்க மாத்திரை ஆகிய ஏதோ ஒன்றையோ பலவற்றையோ தாங்கமாட்டாமல் மூளை தடுமாறும் கலக்க நிலை. காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கூச்சலிடுகிறவரை வார்டே கவனிக்கிறது. பேச்சற்று, சோற்றை ஒதுக்கி, பகலெல்லாம் கண்மூடிக் கிடப்பவரையோ, நன்றாகத் தூங்குகிறாரென்று நாமே போர்த்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் இதே நோய்தான்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஷாரன் இனோயியும் அவருடைய சகாக்களும் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, சாதாரண கவனிப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வந்த இக்கலக்கம், விசேஷ கவனிப்பில் பத்துப் பேருக்கே வந்தது. அந்த விசேஷம் விலையுயர்ந்த ஔஷதமன்று: நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுதல், தண்ணீர் புகட்டுதல், எழுப்பி நடத்துதல், இரவில் உறங்கவிடுதல். பின்னர் தைவானில், வயிற்றில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட முதியோரிடமும் இவ்வுபாயம் பலித்தது.

அமெரிக்காவில் இதற்கென்று தொண்டர்களைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. இங்கோ அழைக்காமலே வந்து நிற்கும் உறவினர்களைப் பல மருத்துவமனைகள் வெளியே துரத்துகின்றன. தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடித்து வரும் மகன், தாய் மிகுதியும் கலங்குகிற அந்த இரவு நேரத்தில், வெளித்தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கிடக்கிறான்; உள்ளே, அறிமுகமற்ற முகங்களுக்கும் அணையாத விளக்குகளுக்கும் நடுவே, அவள் கைகள் கட்டிலோடு கட்டப்படுகின்றன. கட்டுவது கலக்கத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. கிருமி பரவுமென்ற அச்சம் நியாயமே. எனினும் கைகழுவக் கற்பித்து ஒருவரை அனுமதிப்பது அசாத்திய காரியமன்று.

நம் பிரதேசத்துக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாராயக்கடைகள் நெடுங்காலமாக உள்ள நாட்டில், தினந்தோறும் குடித்துப் பழகிய பெரியவர் மருத்துவமனையில் சேர்ந்ததும் குடி திடீரென்று நின்றுபோக, இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கமும் வியர்வையும் பிரமையும் தோன்றுகின்றன. இதற்குரிய சிகிச்சை வேறு. மற்றக் கலக்கங்களில் தவிர்க்கவேண்டிய தூக்க மருந்து வகையே இங்கு உயிர்காக்கக்கூடும். மானத்துக்கு அஞ்சிக் குடும்பத்தார் வாய்மூடியிருந்தால் டாக்டர் எதைக் கண்டு வைத்தியம் செய்வார்?

ஆகவே, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் குடிப்பழக்கத்தையும் சிகிச்சைக்கு முன்பே ஒளிக்காமல் சொல்லுங்கள். கண்ணாடியையும் பல்செட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இரவில் அருகிருக்க அனுமதி கேளுங்கள். பெரியவரின் பேச்சோ பார்வையோ வழக்கத்துக்கு மாறிவிட்டதென்று தோன்றினால், விடியட்டுமென்று காத்திராமல், அந்த இரவிலேயே நர்ஸிடம் சொல்லி டாக்டரை வரவழையுங்கள்.